மைலோ டின்னில் இருந்த பென்னிகள்: பிரித்ததும் விற்றதும்

தாத்தாவின் மைலோ டின்னில் இருந்த காசுகளில் கடைசிக் கட்டு போன வாரம் தஞ்சாவூர் வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது. மொத்தம் 386 காசுகள். கைக்கு வந்தது 11,330 ரூபாய், செலவு போக 8,650. மூன்று பங்கு வைத்தால் ஆளுக்கு 2,883 ரூபாய் சொச்சம். லட்சத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்த அத்தைக்கு இது ஏமாற்றம். "பழைய பித்தளைக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வா" என்று சொன்ன பெரியப்பாவுக்கு ஆச்சரியம். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் மலேயா, சிங்கப்பூர் போய் வந்தவர்களின் வீட்டுப் பரண்களில் இப்படிப்பட்ட டின்கள் இன்னும் கிடக்கும் என்பதால், செய்த வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

தாத்தா சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்துக் கேன்டீனில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் மாலுமிகள் மேஜையில் விட்டுப்போன சில்லறையைச் சேர்த்து வைத்திருக்கிறார். ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியபோது டின்னும் கூடவே இறங்கியது. அதில் பிரிட்டனின் பழைய பென்னிகள் 231. மிச்சம் மலேயா சதங்கள் 96, நம் காலணாக்கள் 59.

"பிரிட்டனில் எந்த வங்கியிலாவது கொடுத்து மாற்ற முடியாதா?" என்று அத்தை முதலிலேயே கேட்டார். முடியாது. அந்தக் காலத்தில் 240 பென்னி சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. 1971 பிப்ரவரி 15 அன்று நூறுக்கு மாறினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 31-க்குப் பிறகு பழைய பென்னி செல்லாக்காசு. மாற்ற முடிந்திருந்தாலும் 231 பென்னி ஒரு பவுண்டுக்கு ஒன்பது குறைவு!

முதல் வேலை, தரைவிலையைத் தெரிந்துகொள்வது. பென்னிகளை மட்டும் மளிகைக்கடைத் தராசில் வைத்தேன்: 2 கிலோ 140 கிராம். பித்தளைக் கடைக்காரர் கிலோவுக்கு 480 ரூபாய் சொன்னார். ஆக, ஒன்றும் தெரியாமல் உருக்கப் போட்டாலே ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இதற்குக் கீழே எவர் கேட்டாலும் பேச்சில்லை. ஒரு கிலோவுக்குச் சுமார் 108 பென்னி நிற்கும் என்பதால் ஒரு காசுக்குத் தரைவிலை நாலரை ரூபாய்.

அடுத்தது கழுவுவது. இங்கேதான் எங்கள் வீட்டு வரலாறு குறுக்கே வந்தது. தாத்தா ஊர் திரும்பியதிலிருந்து ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அப்பாயி இந்த டின்னைக் கவிழ்த்து, குத்துவிளக்கோடு சேர்த்துக் காசுகளையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். எல்லாவற்றையும் அல்ல, கைக்கு வந்ததை. ஏறக்குறைய பாதிக் காசுகள் புதுச் செம்பின் ரோஜா நிறத்தில் பல்லிளித்தன. "பளபளப்பாக இருந்தால்தானே லட்சுமி தங்குவாள்" என்கிறார் அப்பாயி. லட்சுமி தங்கினாளோ என்னவோ, சேகரிப்பவர்கள் தங்க மாட்டார்கள். வெண்கலத்தின்மேல் பல ஆண்டுகளாகப் படியும் பழுப்பு மெருகு ஒரு தோல். புளி அந்தத் தோலை உரித்துவிடுகிறது. உரித்தது திரும்ப வராது. ஆகவே புளி பட்டவை, படாதவை என்று முதலில் இரண்டு தட்டுகள் வைத்தேன். மன்னர், ஆண்டு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

புளி படாதவற்றுக்கு நான் செய்தது மிகக் குறைவு. காய்ச்சி வடித்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, கதர்த் துணியில் ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை, ஒற்றி மட்டுமே. பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர்தான், 40 ரூபாய். ஐப்பசி மழையில் இந்த வேலை வேண்டாம். எங்கள் பக்கத்து ஈரத்தில் காசு காயவே காயாது. தை பிறந்து காற்று உலர்ந்த பிறகு மின்விசிறிக்கு அடியில் பரப்பினேன்.

பச்சைக் களிம்பு பிடித்தவை பதினைந்துக்கு மேல் இருந்தன. அவற்றைத் தையல் மெஷின் எண்ணெயில் போட்டு மறந்துவிட வேண்டும். நாள்கணக்கு போதாது, வாரக்கணக்கு ஆகும். பிறகு தென்னை ஈர்க்குச்சியின் முனையைச் சீவி, பூதக்கண்ணாடிக்கு அடியில் களிம்பை மட்டும் நெம்பினேன். ஊசி கூடாது, கீறிவிடும். ஈர்க்குச்சி வெண்கலத்தைவிட மென்மை. முனை மழுங்கினால் ஒடித்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். இந்த வேலைக்குக் கடையில் விற்கும் எதுவும் எனக்கு இதைவிடச் சரியாக வரவில்லை.

இன்னொரு தொல்லை பிளாஸ்டிக் ஆல்பம். சில காசுகளைச் சித்தப்பா ஒருவர் பள்ளி நாளில் எடுத்து மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் செருகியிருந்தார். அந்த பிளாஸ்டிக் காலப்போக்கில் பிசுபிசுத்துக் காசின்மேல் பச்சைக் கோழையாக இறங்கியிருந்தது. அதற்கு அசிட்டோன்தான் மருந்து. நகப்பூச்சு அழிக்க விற்பதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது ஆகாது. கெமிக்கல் கடையில் அரை லிட்டர் 220 ரூபாய்க்கு வாங்கினேன். கண்ணாடிக் கிண்ணம், திறந்த திண்ணை, பக்கத்தில் அடுப்பும் பீடியும் கூடாது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணமே இளகிவிடக்கூடும்.

கருப்பாக இருப்பதெல்லாம் அழுக்கு அல்ல என்பதும் இந்தக் கட்டத்தில் தெரிய வேண்டிய ஒன்று. 1944 முதல் 1946 வரை ஆண்டிட்ட பென்னிகளை நாணயச் சாலையிலேயே ரசாயனத்தால் கருக்கித்தான் வெளியே விட்டார்கள். அப்பாயி இவற்றோடு போராடிய தடயம் சிலவற்றில் தெரிந்தது: ஓரம் சிவப்பு, நடு கறுப்பு.

பிறகு பிரிப்பு. தலைப் பக்கத்தைப் பார்த்து மன்னர் வாரியாகப் பிரிப்பதுதான் எல்லோரும் சொல்வது. தேய்ந்த காசில் தலை எல்லாம் ஒரே வழுக்கை. பூப் பக்கத்தைத் திருப்பினால் வேலை சுலபம். அங்கே பிரிட்டானியா என்ற பெண் கையில் சூலத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இடப்பக்கம் கலங்கரை விளக்கமும் வலப்பக்கம் கப்பலும் இருந்தால் அது 1860-க்கும் 1894-க்கும் இடைப்பட்ட விக்டோரியா. இரண்டும் இல்லையென்றால் 1895 முதல் 1936 வரை. கலங்கரை விளக்கம் மட்டும் இருந்தால் 1937-க்குப் பிறகு. நாகப்பட்டினத்துக்காரனுக்குக் கலங்கரை விளக்கம் கண்ணில் படாமல் போகுமா? 231 காசும் ஒரே மாலையில் மூன்று குவியலாயின.

அதன்பின் குவியலுக்குள் குவியல். விக்டோரியா 17, அதில் கொண்டை போட்ட இளம் விக்டோரியா 6, முக்காடிட்ட கிழவி 11. ஏழாம் எட்வர்டு 11. ஐந்தாம் ஜார்ஜ் 54. ஆறாம் ஜார்ஜ் 61. இரண்டாம் எலிசபெத் 88. எட்டாம் எட்வர்டு 1936-லேயே முடிதுறந்துவிட்டதால் அவருக்குப் புழக்கப் பென்னி கிடையாது. ஆறாம் ஜார்ஜ் காசுகளில் 1948 வரை 'இண்ட் இம்ப்' என்று லத்தீன் சுருக்கம் இருக்கும், இந்தியாவின் பேரரசர் என்று பொருள். 1949-லிருந்து அந்த இரண்டு சொற்களும் இல்லை. விலையில் இதனால் ஒரு காசு ஏறாது. ஆனாலும் 1948-ஐயும் 1949-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருவிகள் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு 450 ரூபாய், வெர்னியர் காலிப்பர் 380, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு பூதக்கண்ணாடி 350. தராசும் கண்ணாடியும் கொடுத்த காசுக்கு உழைத்தன. 1860-க்குப் பிந்தைய பென்னி 9.4 கிராம், சுமார் 31 மில்லிமீட்டர். என் குவியலில் நன்றாகத் தேய்ந்தது 8.9 வரை இறங்கியது. எல்லாமே அந்த வரம்புக்குள் இருந்ததால் காலிப்பரை உறையிலிருந்து எடுத்ததே அபூர்வம். காந்தம் ஒன்று வேண்டும், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது போதும். இந்தப் பென்னிகள் அசல் வெண்கலம், காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு.

சில ஆண்டுகளை மனப்பாடம் செய்துகொண்டால் நேரம் மிச்சம். 1923, 1924, 1925, 1941, 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் பென்னி இல்லை. 1955 முதல் 1960 வரையிலும் இல்லை. இந்த ஆண்டு போட்ட பென்னியை யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். 1967 இதற்கு நேர் எதிர். 1970 வரை அதே ஆண்டைப் போட்டே அடித்துத் தள்ளினார்கள், எண்ணிக்கை 65 கோடிக்கு மேல். எங்கள் டின்னில் அது மட்டும் 40.

தேட வேண்டியது வேறு. 1912, 1918, 1919 ஆண்டுகளில் ஆண்டு எண்ணுக்கு இடப்பக்கம் பொடியாக 'ஹெச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பர்மிங்காம் ஹீட்டன் ஆலையில் அடித்தது. 1918, 1919-இல் 'கே என்' இருந்தால் கிங்ஸ் நார்ட்டன் ஆலை. எங்கள் டின்னில் 1912 ஹெச் மூன்றும் 1919 கே என் ஒன்றும் கிடைத்தன. 1902-இல் ஒரு வகை உண்டு. பிரிட்டானியாவுக்குப் பின்னால் தெரியும் கடல்மட்டம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும். அதுவும் ஒன்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் 1950. அந்த ஆண்டு அடித்தது 2,40,000 மட்டும். அடுத்த ஆண்டு 1,20,000. அவற்றில் பெரும்பகுதி பெர்முடாவுக்குப் போனது. எங்கள் டின்னிலும் ஒரு 1950 இருந்தது. பெர்முடா துறைமுகத்தில் சில்லறை வாங்கிய மாலுமி எவனோ அதைச் செம்பவாங்கில் ஒரு டீக்குக் கொடுத்திருக்க வேண்டும். புளியும் படாமல் தப்பித்திருந்தது.

1933 பற்றிச் சொல்லாமல் விட்டால் அத்தை மன்னிக்க மாட்டார். அந்த ஆண்டுப் பென்னிகள் உலகத்திலேயே ஏழு அளவில்தான் தெரியவந்திருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து அத்தை மகன் இதைப் படித்துவிட்டுச் சொல்ல, வீடே டின்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, கடைசி எண் மழுங்கிய 193-என்று ஒரு காசும் வந்தது. தாடி வைத்த தலை, எனவே ஐந்தாம் ஜார்ஜ். பின்னால் கலங்கரை விளக்கம் இல்லை, எனவே 1936-க்கு இந்தப் பக்கம் வராது. 1937, 1938, 1939 கழிந்தன. மிச்சம் இருப்பதில் எது? அறை விளக்கை அணைத்து, கைப்பேசி வெளிச்சத்தைக் காசின் விளிம்போடு படுக்கையாக அடித்தால் தேய்ந்த எண்ணின் நிழல் எழும். அதிலும் தெளியவில்லை. பட்டர் தாளை மேலே வைத்து 4பி பென்சிலைப் படுக்கவைத்து உரசினேன். கடைசி எண்ணின் உச்சியில் தட்டையான கோடு விழுந்தது. 1935. அத்தை எழுந்து போய் உலை வைத்தார்.

தரம் பார்ப்பதில் என் கண் தேறக் கொஞ்சம் காலம் பிடித்தது. பிரிட்டானியாவின் தலைக்கவசமும் மார்பும், ராணியின் கொண்டை மயிர்க்கோடுகளும், ராஜாவின் காதுக்கு மேலுள்ள முடியும்தான் முதலில் தேயும் மேடுகள். அங்கே கோடு தனித்தனியாக நின்றால் நல்ல காசு. கோடெல்லாம் கரைந்து உருவரை மட்டும் நின்றால் பத்திருபது ரூபாய்ச் சரக்கு. வயது இதில் கடைசியாகத்தான் வருகிறது. 1897-ஆம் ஆண்டுக் காசு ஒன்று தேய்ந்து வழவழத்து 50 ரூபாய்க்குப் போனது. 1950-க்குக் கிடைத்தது 1,100.

தேறியவற்றை ஜன்னல் வைத்த காயின் ஹோல்டர் அட்டைகளில் வைத்தேன், 600 ரூபாய்க்கு. ஸ்டேப்ளர் பின்னின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த அட்டையில் இருக்கும் காசைக் கீறும். குறட்டால் ஒவ்வொன்றையும் அமுக்கித் தட்டையாக்க வேண்டும். மாத்திரைப் புட்டிகளிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டிக்குள் போட்டுவைத்தேன்.

விலை வைப்பது தனிக்கலை. இணையத்தில் ஒரு பென்னிக்கு இரண்டு லட்சம் என்று போட்டிருப்பவர் இரண்டு லட்சம் ஆசைப்படுகிறார், அவ்வளவுதான். ஏலத்தில் உண்மையில் விலை போன தொகையைப் பார்க்க வேண்டும். அதிலும் நம் கைக்கு வியாபாரி கொடுப்பது ஏறக்குறைய பாதி. அவருக்குக் கடை வாடகை இருக்கிறது, அந்தக் காசு ஓராண்டு அவரிடம் தூங்கவும் கூடும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

இதற்கிடையில் ஓட்டைக் காலணாவுக்கு ஐந்து லட்சம் தருவதாக ஒரு விளம்பரம் பெரியப்பாவின் கைப்பேசிக்கு வந்தது. அழைத்தார். எதிர்முனையில் இருந்தவர் காசின் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் 'எடுத்துக்கொள்கிறோம்' என்றார். பதிவுக் கட்டணம் 1,250 கட்டினால் போதுமாம். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட கடிதம்கூட அனுப்பினார். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே, பழைய காசு, நோட்டு வாங்கவோ விற்கவோ தாங்கள் யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அதற்கு அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பைக் காட்டிய பிறகுதான் பெரியப்பா போனைக் கீழே வைத்தார். நடுவில் ஓட்டை போட்ட அந்தக் காலணா 1943 முதல் 1947 வரை போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டில் அடித்துக் குவித்தது. எங்களிடம் இருந்த 22-க்கும் சேர்த்துக் கிடைத்தது 330 ரூபாய்.

பென்னியைப் பிரிட்டனுக்கு அனுப்பி விற்கலாம், அடுத்த முறை வரும்போது எடுத்துப்போகிறேன் என்றார் அத்தை மகன். அது வேண்டாம் என்று நிறுத்தினேன். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த காசும் தொல்பொருள்தான். தனியாள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அது எந்த நாட்டு மன்னர் தலை போட்டதாக இருந்தாலும் சரி. நல்ல விக்டோரியாக்களும் எட்வர்டுகளும் அதில் அடக்கம். புதியவற்றை அனுப்பலாம் என்றால் காசின் விலையைவிடத் தபால் செலவு அதிகம்.

ஆகவே உள்ளூரிலேயே விற்றேன். முதலில் போனது கும்பகோணத்தில் ஒரு சேகரிப்பாளரிடம். பூதக்கண்ணாடிகூட எடுக்காமல், "தம்பி, இது புளி போட்டதா, எலுமிச்சையா?" என்று கேட்டார். "புளிதான் ஐயா, எங்கள் அப்பாயி" என்றேன். "எங்கள் வீட்டில் எலுமிச்சை. எடுத்து வையுங்கள், பார்க்கலாம்" என்று சிரித்தார். 1912 ஹெச் மூன்றும் தலா 150, 1902 நானூறு, 1919 கே என் ஐந்நூறு, 1950-க்கு மேலே சொன்ன விலை. தேய்க்காத விக்டோரியா எட்டும் தலா 150. தேய்த்த ஒன்பதை அவர் தொடவில்லை. அவை பிறகு தஞ்சாவூர் வியாபாரியிடம் தலா 50 ரூபாய்க்குப் போயின. புளியின் விலை என்ன என்று யாராவது கேட்டால், ஒரு காசுக்கு 100 ரூபாய் என்று இனிமேல் தயங்காமல் சொல்வேன்.

மிச்ச எட்வர்டு, ஜார்ஜ் காசுகள் 25 முதல் 50 வரை மொத்த விலையில் தஞ்சாவூர் போயின. ஆறாம் ஜார்ஜ் அதற்கும் கீழே. எலிசபெத் 88-ம் சேர்த்து 880 ரூபாய். மலேயா சதங்களில் முனை மழுங்கிய சதுரக் காசுகளுக்கு எதிர்பார்த்ததைவிட நல்ல கேட்பு இருந்தது. வட்டக் காசு பார்த்துச் சலித்த பிள்ளைகள் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள் என்றார் வியாபாரி. 96-ம் 1,900 ரூபாய்.

இன்னொரு டின் கிடைத்தால் சிலவற்றை மாற்றிச் செய்வேன். காலிப்பர் வாங்க மாட்டேன். எல்லாக் காசையும் அட்டையில் போட மாட்டேன். 20 ரூபாய் பெறும் காசுக்கு இரண்டு ரூபாய் அட்டை தண்டம், பட்டர் தாளில் பத்துப் பத்தாகச் சுருட்டினால் போதும். விக்டோரியாக்களை ஒரே கையில் கொடுக்காமல், திருச்சியில் நாணயக் கண்காட்சி நடக்கும்போது ஒவ்வொன்றாகக் காட்டியிருப்பேன். முக்கியமாக, எண்ணி முடித்துப் பட்டியல் போடும் வரை சொந்தத்தில் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன்.

அடுத்த வேலை பெரியப்பா வீட்டுப் பீரோவில் காத்திருக்கிறது, அப்பாயியின் வெள்ளி ரூபாய்கள். 1940-க்கு முந்தையது ஒவ்வொன்றும் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரையிலானதில் பாதிதான் வெள்ளி. தட்டான் கடையில் இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்பார்கள் என்பதால் முதலில் ஆண்டு வாரியாகப் பிரிக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு முன்னால் பீரோச் சாவியை என்னிடம் கொடுத்துவிடுமாறு பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.